படை உதவியும் கடன்தான்

"கடன் அன்பை முறிக்கும்" என்று நாம் கடையில் பலகை மாட்டுகிறோம். அண்டை நாட்டோடு சண்டை மூண்டதும் வெளியாரின் துப்பாக்கிக்குக் கை நீட்டும் அரசுகளுக்கும் அந்தப் பலகை வேண்டும். படை உதவியும் ஒரு கடன்தான்.

2022-இல் ரஷ்யா உக்ரைன் மீது படையெடுத்தபோது, அது எங்கோ நடக்கும் சண்டை என்று நாம் இருக்க முடியவில்லை. சூரியகாந்தி எண்ணெய் டின்னின் விலை ஏறியதை வாடிக்கையாளருக்கு விளக்கியே ஓய்ந்து போனோம். உக்ரைனுக்கு அமெரிக்காவும் ஐரோப்பிய நாடுகளும் ஆயுதம் கொடுத்தன. 2025 ஏப்ரல் 30-இல் உக்ரைனின் கனிம வளம் பற்றி அமெரிக்காவோடு ஓர் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. தாக்கப்பட்டவன் உதவி கேட்பது குற்றமல்ல. ஆனால் கொடுப்பவன் கணக்கு எழுதாமல் கொடுப்பதில்லை என்பதை வணிகர்களாகிய நாம் அறிவோம்.

இதை அறிய நாம் தூரம் போக வேண்டியதில்லை. நம் தெள்ளாறே சாட்சி. 9-ஆம் நூற்றாண்டில் இங்கேதான் மூன்றாம் நந்திவர்மன் பாண்டியரை வென்று "தெள்ளாறெறிந்த நந்திவர்மன்" என்று பெயர் பெற்றான். ராஷ்டிரகூடர் குலத்தில் பெண் எடுத்த பலம் அவனுக்கு இருந்தது. கடல் கடந்த வணிகமும் அவன் காலத்தில் செழித்தது. இன்றைய தாய்லாந்தில் உள்ள தகுவாபா என்னும் இடத்தில் கிடைத்த தமிழ்க் கல்வெட்டு, அவன் பட்டப்பெயரான அவனிநாரணம் என்ற பெயருடைய குளத்தைக் குறிப்பிடுகிறது. அந்தக் குளத்தின் காவலில் மணிக்கிராமம் என்ற வணிகர் குழுவுக்கும் பங்கு இருந்தது. நம் முன்னோரின் சங்கம் அது!

அடுத்து வந்த பல்லவர்கள் கூட்டாளிகளையே அதிகம் நம்பினர். திருப்புறம்பியம் போரில் அபராஜிதனுக்குத் துணை நின்றவன் சோழன் ஆதித்தன் என்பர். அந்த நூற்றாண்டு முடிவதற்குள் அதே ஆதித்தன் அபராஜிதனை வீழ்த்தித் தொண்டை மண்டலத்தையே எடுத்துக்கொண்டான்.

ஒன்பது நூற்றாண்டு கழித்து, பக்கத்து வந்தவாசியில் அதே கதை நடந்தது. ஆற்காட்டு நவாபு பதவிக்குச் சந்தா சாகிபும் முகமது அலியும் போட்டியிட்டனர். ஒருவர் பிரெஞ்சுக்காரரை அழைத்தார். மற்றவர் ஆங்கிலக் கும்பெனியை அழைத்தார். 1751-இல் ஆரணி அருகேயும் கிளைவின் படை மோதியது. 1752-இல் சந்தா சாகிபு கொல்லப்பட்டார். ஆனால் அழைத்து வந்தவர்கள் வீடு திரும்பவில்லை.

1760 ஜனவரி 22-இல் வந்தவாசியில் அயர் கூட், பிரெஞ்சுத் தளபதி லாலியைத் தோற்கடித்தார். லாலி வீரத்தில் குறைந்தவரல்லர். அவர் கல்லாப்பெட்டி காலி. 1759 அக்டோபரில் சம்பள பாக்கிக்காக அவருடைய ஐரோப்பியச் சிப்பாய்களே கலகம் செய்தனர். பிரெஞ்சுக் கப்பற்படை அந்த ஆண்டே இந்தக் கரையை விட்டுப் போய்விட்டது. கூலிக்குப் பிடித்த மராட்டியக் குதிரைப்படை போர்க்களத்தில் ஒதுங்கி நின்று வேடிக்கை பார்த்தது. ஆங்கிலேயருக்கோ கடல் வழி திறந்திருந்தது. வங்காளத்துப் பணம் பின்பலமாக இருந்தது. எவ்வளவு பெரிய போர்த் தந்திரமும் கடைசியில் சரக்கு, சம்பளம், போக்குவரத்து என்ற மூன்றில்தான் வந்து நிற்கிறது.

தோற்றவர் கதை அப்படி. வென்றவர் கதை அதைவிடப் பரிதாபம். போர்ச் செலவைக் கும்பெனி முகமது அலியின் பேரில் பற்று எழுதியது. அதை அடைக்க, கும்பெனி உத்தியோகஸ்தர்களிடமே அவர் கடுவட்டிக்கு வாங்கினார். வட்டிக்கு நிலவரி அடகு போயிற்று. 1763-இல் செங்கற்பட்டுச் சீமை கும்பெனிக்கு ஜாகீராகப் போனது. ஆற்காட்டு நவாபின் கடன் 1785-இல் லண்டன் பாராளுமன்றத்தில் பேசப்படும் அளவுக்குப் பெருகியது. 1801-இல் கர்நாடக நாடு முழுவதும் கும்பெனியின் நிர்வாகத்துக்குப் போய்விட்டது. வந்தவாசியில் வென்றும் நவாபு குடும்பத்துக்கு மிஞ்சியது பட்டமும் உதவித்தொகையுமே. முதலையே விழுங்கிய வட்டி அது.

வணிகப் பெருமக்களே! நம் கடைத்தெருவிலும் இப்படி நடப்பதுண்டு. எதிர் எதிரே உள்ள இரண்டு மளிகைக்கடைகள் வீம்புக்கு அடக்க விலைக்கும் கீழே விற்கின்றன. ஒருவருக்கு வெளியார் பணம் கொடுக்கிறார். மற்றவருக்கு இன்னொருவர் கடனுக்குச் சரக்கு இறக்குகிறார். ஓராண்டில் ஒரு கடை மூடப்படுகிறது. அடுத்த ஆண்டு, ஜெயித்த கடையின் சாவியும் கடன் கொடுத்தவர் கைக்குப் போகிறது. சந்தா சாகிபு யார், முகமது அலி யார் என்று சொல்லவும் வேண்டுமோ?

உதவியே கூடாது என்று நாம் சொல்லவில்லை. கேட்கும் முன் மூன்றைப் பாருங்கள்: நம் சொந்த முதல் எவ்வளவு, திருப்பித் தர என்ன வழி, கொடுப்பவருக்கு இதில் என்ன ஆதாயம். அதற்கும் முன்னால், எதிர்க்கடைக்காரரோடு உட்கார்ந்து பேசித் தீர்க்க வழி உண்டா என்று பாருங்கள். சங்கம் இருப்பது அதற்காகத்தான். இரவல் சேலையை நம்பி இடுப்புக் கந்தையை எறிந்த கதை நம்மவர் எவருக்கும் வர வேண்டாம்.