ரயில் பாஸ் வாங்கும் முன் ஒரு தாள் எடுங்கள்

கடற்கரைச் சாலையில் காலை நடைக்கு வரும் நண்பர் ஒருவர் போன வாரம் என்னை நிறுத்தி, போனை நீட்டினார். அவருடைய மகன் லியோனில் இருக்கிறான். அவரும் மனைவியும் ஜூன் மாதம் போகிறார்கள். "முசியே, இந்த ஒரு பாஸை வாங்கிவிட்டால் எத்தனை தடவை வேண்டுமானாலும் ஏறலாமாம், இறங்கலாமாம். மலிவுதானே? வாங்கிவிடட்டுமா?" என்றார்.

"வாங்காதீர்கள்" என்று சொல்லிவிட்டேன். அவர் முகம் வாடிவிட்டது. நடந்துகொண்டே சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை இது. அதனால் இங்கே எழுதுகிறேன். நம் ஊரில் பிள்ளைகளைப் பார்க்கப் பிரான்சுக்குப் போகாத வீடு குறைவு. யாருக்காவது பயன்படும்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அறுபது, எழுபது வயதில் பிள்ளை வீட்டில் தங்கி, நடுவில் நான்கைந்து இடம் பார்த்து வருகிறவர்களுக்கு 'எத்தனை தடவை வேண்டுமானாலும்' என்கிற பாஸ் பெரும்பாலும் நஷ்டம். தள்ளுபடி அட்டையும், முன்கூட்டியே எடுத்த சாதாரண டிக்கெட்டும்தான் லாபம்.

இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. பணம் கட்டித் தெரிந்துகொண்டேன்.

2024-இல் நானும் என் மனைவியும் பாரீசுக்கு அருகில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போயிருந்தோம். சுவிட்சர்லாந்து பார்க்க வேண்டும் என்பது என் மனைவியின் நெடுநாள் ஆசை. சுவிஸ் டிராவல் பாஸ், நான்கு நாள், இரண்டாம் வகுப்பு, ஒருவருக்கு 295 பிராங்க். இருவருக்கும் 590. ரயில், பஸ், ஏரிப் படகு, ஊருக்குள் டிராம், ஐந்நூறுக்கு மேற்பட்ட அருங்காட்சியகங்கள், எல்லாம் அதில் அடக்கம் என்று படித்ததும் வேறு யோசனையே இல்லாமல் வாங்கிவிட்டேன். நான் பல வருஷம் பயணப்படி பில்களைச் சரிபார்த்தவன். எட்டணா கூடுதலாகப் போட்டிருந்தாலும் திருப்பி அனுப்பியவன். என் சொந்தப் பில்லை மட்டும் சரிபார்க்கவில்லை.

ஊர் திரும்பிய பிறகுதான் தாளை எடுத்துக் கணக்குப் போட்டேன். நாங்கள் போனது நான்கே நீண்ட பயணம். சூரிக்கிலிருந்து லூசெர்ன், அங்கிருந்து இன்டர்லாக்கன், பிறகு பெர்ன், கடைசியில் ஜெனீவா. பாஸே இல்லாமல் ஸ்டேஷனில் முழு விலைக்கு டிக்கெட் எடுத்திருந்தாலும் ஒருவருக்கு எல்லாம் சேர்த்து 150 பிராங்குக்குள்தான் வந்திருக்கும். படகு, டிராம், ஒரு அருங்காட்சியகம் என்று தாராளமாக 70 சேர்த்தாலும் 220. அதாவது இருவருக்குமாக 150 பிராங்க், அன்றைய விலையில் ஏறக்குறைய 14,000 ரூபாய், கூடுதலாகக் கொடுத்திருக்கிறேன்.

'யுங்ஃப்ராவ்யோக் மலை உச்சிக்குப் போயிருந்தால் பாஸ் கட்டுப்படியாகியிருக்குமே' என்று சிலர் கேட்கலாம். ஆகாது. அந்த மலை ரயிலின் மேல்பகுதிக்கு டிராவல் பாஸில் கால் பங்குதான் தள்ளுபடி. பாஸ் வைத்திருப்பவரும் மேலே போய்வர 150 பிராங்குக்கு மேல் தனியாக எடுத்து வைக்க வேண்டும். ஆனால் அதே நாட்டில் 'ஹாஃப் ஃபேர் கார்டு' என்று ஓர் அட்டை உண்டு. வெளிநாட்டுப் பயணிகளுக்கு ஒரு மாதத்துக்கு அப்போது 120 பிராங்க். ரயில், பஸ், படகு எல்லாம் பாதி விலை. அந்த மலைக்கும் பாதி விலை. ஒரு பெரிய மலை, நான்கு நீண்ட பயணம் என்றால் இந்த அட்டைதான் ஜெயிக்கும். மலையே வேண்டாம் என்றால் அந்த அட்டைகூடத் தேவையில்லை, வெறும் டிக்கெட் போதும். விளம்பரத்தில் இந்த வரி மட்டும் இருக்காது.

பணம் போனதுகூட எனக்குப் பெரிதில்லை. இரண்டாம் நாள் காலையில் லூசெர்ன் ஏரிக்கரையில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தோம். எதிரே மலை, தண்ணீரில் அன்னங்கள். "இன்றைக்கு எங்கேயும் போக வேண்டாம். இங்கேயே இருந்துவிட்டுச் சாயங்காலம் ரூமுக்குப் போகலாமே" என்றாள் என் மனைவி. நான் கடிகாரத்தைப் பார்த்தேன். "நாளுக்கு 74 பிராங்க் கட்டியிருக்கிறோம், உட்காருவதற்கா? எழுந்திரு" என்றேன். எழுந்து வந்தாள். அன்று முழுவதும் ரயிலிலேயே இருந்தோம். பாதி நேரம் அவள் ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கினாள். அடுத்த ஆண்டு அவளுக்கு மூட்டு வலி முற்றிவிட்டது. இனி நீண்ட விமானப் பயணம் வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அந்த ஏரிக்கரைப் பொழுதை நான் எந்தக் கணக்கில் எழுதுவது?

பாஸின் குணமே இதுதான். டிக்கெட் வாங்கினால் நாம் போக வேண்டிய இடத்துக்கு ரயில் போகிறது. பாஸ் வாங்கிவிட்டால் போட்ட காசை எடுக்க ரயில் போகிற இடத்துக்கெல்லாம் நாம் போகிறோம். இருபது வயதுப் பிள்ளைக்கு அது உற்சாகம். நமக்கு அது வேலை.

சரி, வேறு என்ன செய்யலாம்? நாடு நாடாகச் சொல்கிறேன். விலைகள் வருஷத்துக்கு வருஷம் மாறும், போகும்போது பார்த்துக்கொள்ளுங்கள்.

பிரான்சில் நம் வயதுக்காரர்களுக்கு 'கார்த் அவாந்தாஜ் செனியோர்' இருக்கிறது. 60 வயது ஆனவர் யாரும் வாங்கலாம். 49 யூரோ, ஒரு வருஷம் செல்லும். டி.ஜி.வி., அன்தெர்சித்தே ரயில்களில் 30 சதவீதம் தள்ளுபடி. வருஷத்தில் 165 யூரோவுக்கு மேல் டிக்கெட் எடுப்பவருக்கு அட்டைக் காசு திரும்பிவிடும். பாரீசிலிருந்து துலூசுக்கோ மர்செய்க்கோ மகன் வீடு, மகள் வீடு என்று இரண்டு முறை போய்வந்தால் போதும். 4 வயதிலிருந்து 11 வயது வரை உள்ள பேரப்பிள்ளைகள் கூட வந்தால் அவர்களுக்கு 60 சதவீதம் குறையும். 'உய்கோ' என்ற மலிவு ரயில்களில் இந்தத் தள்ளுபடி கிடையாது. ஆனால் அவை சில சமயம் தள்ளுபடி போன விலையைவிடவும் மலிவு. இரண்டையும் பாருங்கள்.

பாரீஸ் பக்கம் தங்குகிறவர்கள் நவிகோ வார அட்டை வாங்குவார்கள். நல்ல அட்டைதான். ஆனால் அது திங்கள் முதல் ஞாயிறு வரைதான், வாங்கிய நாளிலிருந்து ஏழு நாள் இல்லை. வியாழக்கிழமை வாங்கினால் நான்கு நாளில் முடிந்துவிடும். திங்கட்கிழமை ஆரம்பியுங்கள்.

ஜெர்மனியில் 'டாய்ச்லான்ட் டிக்கெட்' இருக்கிறது. 2022 கோடையில் மூன்று மாதம் 9 யூரோவுக்குக் கொடுத்துப் பார்த்து, பிறகு 2023 மே மாதம் 49 யூரோவில் நிரந்தரமாக்கினார்கள். 2025-இல் 58 ஆனது, இந்த ஜனவரியிலிருந்து 63. நாடு முழுவதும் உள்ளூர் ரயில், பஸ், டிராம் எல்லாவற்றிலும் ஒரு மாதம் போகலாம். ஐ.சி.இ. போன்ற வேக ரயில்களில் செல்லாது. இதை மட்டும் நான் மலிவு என்று தயங்காமல் சொல்வேன். ஒன்று கவனம்: இது மாதச் சந்தா. பத்தாம் தேதிக்குள் ரத்து செய்யாவிட்டால் அடுத்த மாதக் காசையும் எடுத்துக்கொள்வார்கள். என் உறவினர் ஒருவர் மறந்துபோய், புதுச்சேரி திரும்பி வீட்டில் இட்லி சாப்பிட்டுக்கொண்டே இரண்டு மாதம் ஜெர்மனி ரயிலுக்குக் காசு கட்டினார்.

லக்சம்பர்க்கில் பாஸே வேண்டாம். 2020 முதல் அந்த நாட்டுக்குள் இரண்டாம் வகுப்பு ரயில், பஸ், டிராம் எல்லாம் எல்லோருக்கும் இலவசம்.

பல நாடுகளுக்கும் செல்லும் யூரெயில் பாஸுக்கு 60 வயதுக்கு மேல் பத்து சதவீதம் குறைத்துக் கொடுக்கிறார்கள். ஆனால் பிரான்சின் டி.ஜி.வி.யில் ஏற, பாஸ் இருந்தாலும் இடம் பதிவு செய்ய வேண்டும், அதற்குத் தனிக் காசு. அதிலும் பாஸ்காரர்களுக்கென்று ஒதுக்கிய இடம் தீர்ந்துவிட்டால் அந்த ரயிலை விட்டுவிட வேண்டியதுதான். 'எப்போது வேண்டுமானாலும் ஏறலாம்' என்ற பேச்சு பிரான்சில் பாதிதான் உண்மை.

நண்பர் கேட்ட ஒரு கேள்வி நியாயமானது. "ஒவ்வொரு தடவையும் மெஷின் முன்னால் நின்று டிக்கெட் எடுப்பதைவிடப் பாஸ் நிம்மதி இல்லையா?" உண்மை. ஜெர்மன் மொழி தெரியாமல் ஸ்டேஷன் மெஷினோடு போராடியவன் நான். தினமும் ஊர் மாறுகிறவர்கள், பிள்ளை குட்டிகளோடு போகிறவர்கள் பாஸ் வாங்கட்டும். சுவிஸ் பாஸில் பெற்றோரோடு வரும் 16 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு இலவசமாகவே குடும்ப அட்டை கொடுக்கிறார்கள். அப்படிப்பட்ட குடும்பத்துக்குக் கணக்கே வேறு. நிம்மதிக்கு ஒரு விலை உண்டு, கொடுக்கலாம். எவ்வளவு கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஆகவே ஒரு தாள் எடுங்கள். பாஸ் இல்லாவிட்டாலும் போகத்தான் போகிறோம் என்கிற பயணங்களை மட்டும் எழுதுங்கள். 'இருந்தால் போகலாம்' என்பதை எழுதாதீர்கள், ஏமாற்றுவது அந்த வரிகள்தான். ஒவ்வொன்றுக்கும் எதிரே சாதாரண விலை, பக்கத்தில் தள்ளுபடி அட்டையோடு வரும் விலை. கூட்டுங்கள். கடைசியில் பாஸ் விலையை வைத்துப் பாருங்கள். அரை மணி நேர வேலை. பிரெஞ்சில் படித்த நம் தலைமுறைக்கு ஒரு வசதியும் உண்டு. 'நோன் ராம்பூர்சாப்ள்' என்று சின்ன எழுத்தில் போட்டிருந்தால், அந்தக் காசு திரும்பி வராது என்று யாரையும் கேட்காமலே தெரிந்துகொள்ளலாம்.

இன்னொன்று, நாம் சொல்லத் தயங்குவது. பிள்ளைகளுக்குச் செலவு வைக்கக் கூடாது என்று எங்கே போக ஆசை என்பதைக் கடைசி வாரம் வரை சொல்லாமல் இருக்கிறோம். பிறகு மாப்பிள்ளை அவசரமாக முழு விலைக்கு டிக்கெட் எடுக்கிறார். இரண்டு மூன்று மாதம் முன்னாலேயே வாய் திறந்து சொல்லியிருந்தால் பாதி விலையில் முடிந்திருக்கும். கூச்சத்தால் மிச்சம் பிடிக்க முடியாது.

நம் ரயில்களில் மூத்த குடிமக்கள் சலுகை 2020 மார்ச்சில் நின்றது. அதிலிருந்து, வயதானவருக்கு எங்காவது விலை குறைகிறது என்றாலே நமக்கு ஓர் ஆசை வந்துவிடுகிறது. அந்த ஆசையோடு பெரிய பாஸை வாங்கிவிடாதீர்கள். சின்ன அட்டையை வாங்குங்கள்.

நண்பரிடம் நேற்று தாளைக் கொடுத்து வரச் சொல்லியிருக்கிறேன். லூசெர்னும் அவர் பட்டியலில் இருக்கிறதாம். அந்த நாளுக்கு எதிரே வேறு எதையும் எழுத வேண்டாம் என்று சொல்லப்போகிறேன்.