மூணு இலாகா, ஒரே சர்வே நம்பர்



கொஞ்ச நாளைக்கு முன்னால் நமது சங்கத்துக்கு ஒரு பெரியவர் மஞ்சப்பையோடு வந்தார். ரெண்டு ஏக்கர் இருபது சென்ட் வைத்திருக்கிற சிறு விவசாயி. பைக்குள் மூன்று காகிதங்கள். ஒன்று, அவர் நிலத்தின் வழியே உயர்மின் கோபுர லைன் போகிறது என்ற நோட்டீஸ். இன்னொன்று, கிணத்து மோட்டாருக்கு சர்வீஸ் கேட்டுப் பல வருஷத்துக்கு முன்னால் பணம் கட்டிய ரசீது. மடித்து மடித்து நடுவில் கிழிந்தே போயிருந்தது. மூன்றாவது, சாலை அகலப்படுத்துவதற்கான நிலமெடுப்பு விசாரணைக்கு வரச்சொன்ன கடிதம்.

மூன்றிலும் ஒரே சர்வே நம்பர்.

ஒவ்வொன்றுக்கும் ஒரு ஆபீஸ் ஏறி இறங்கியிருக்கிறார். ஒரு இடத்தில், "லைன் எங்களுது இல்லீங்க, மத்திய அரசு"ன்னு அனுப்பிவிட்டார்கள். ஒரு இடத்தில், "சீனியாரிட்டி வரட்டும்" என்றார்கள். மூன்றாவது இடத்தில் சாப்பிடப் போனவர் வரவே இல்லை. "ஆயிரக்கணக்கான மெகாவாட் என் தலைக்கு மேல போகப்போகுது. கீழே இருக்கிற அஞ்சு ஹெச்.பி. மோட்டாருக்குக் கரண்ட் இல்லீங்களாம்" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். நம்மால் சிரிக்க முடியவில்லை.

யார் பொறுப்பு? இதைத்தான் இந்தத் துண்டறிக்கையில் பேச வேண்டியிருக்கிறது.

பஸ் ஒரு அமைச்சரிடம் இருக்கும், அந்த பஸ் ஓடுகிற ரோடு வேறொரு அமைச்சரிடம் இருக்கும். 2021-ல் சுற்றுச்சூழல் துறையின் பெயரோடு "காலநிலை மாற்றம்" என்பதையும் சேர்த்தார்கள். அது இன்னொரு அமைச்சர். 2025 ஏப்ரலில் போக்குவரத்துத் துறை அமைச்சரிடமே மின்சாரத் துறையையும் கூடுதலாகக் கொடுத்தார்கள். டெல்லியிலும் மின்சாரத்துக்கு ஒருவர், நெடுஞ்சாலைக்கு ஒருவர், பருவநிலைக்கு ஒருவர். ஆள் மாறலாம், கட்சி மாறலாம். அதற்குள் நாம் போக வேண்டாம். அந்த நாற்காலியில் யார் உட்கார்ந்தாலும் செய்து தீர வேண்டிய வேலை என்ன என்பதை நாம் தெரிந்து வைத்திருந்தால்தான் "எங்க கையில ஒண்ணும் இல்லீங்க" என்று கையை விரிக்கும்போது பதில் சொல்ல முடியும்.

இலவச மின்சாரம் யார் வீட்டுக் காசு?

முதலில் கரண்ட்டை எடுத்துக்கொள்வோம். "இலவசம், இலவசம்" என்று டவுன்காரர்கள் நம்மைக் குத்திக் காட்டுகிறார்கள். 1970-ல் ஒரு யூனிட்டுக்கு ஒரு பைசா ஏற்றியதை எதிர்த்து எழுந்த போராட்டத்தில்தான் பெருமாநல்லூரில் மூன்று விவசாயிகள் துப்பாக்கிக் குண்டுக்குப் பலியானார்கள். 1972-ல் நாராயணசாமி நாயுடு தலைமையில் மாட்டு வண்டிகளைக் கொண்டுபோய்க் கோவை நகரையே நிறுத்தினார்கள் நம் பெரியவர்கள். 1984-ல் சிறு விவசாயிகளுக்கும், பிறகு 1989-90-ல் எல்லா விவசாயிகளுக்கும் இலவசம் வந்தது. 2003-ல் அதைப் பறித்தார்கள். 2004 நாடாளுமன்றத் தேர்தலில் ஜனங்கள் பாடம் புகட்டியதும் அதே அரசே திருப்பிக் கொடுத்தது. அது யாரோ இரக்கப்பட்டுப் போட்ட பிச்சை இல்லை.

சட்டமும் நம் பக்கம்தான் இருக்கிறது. 2003 மின்சாரச் சட்டத்தின் 65-வது பிரிவு என்ன சொல்கிறது? ஒரு பிரிவினருக்கு மானியம் கொடுக்க மாநில அரசு முடிவு செய்தால், அந்தத் தொகையை அரசு மின் வாரியத்துக்கு முன்கூட்டியே கட்டிவிட வேண்டும். ஆக, நம்மால் வாரியம் நஷ்டப்படுகிறது என்று ஒரு அமைச்சரோ அதிகாரியோ சொன்னால், அரசு தான் கட்ட வேண்டியதை ஒழுங்காகக் கட்டவில்லை என்று ஒப்புக்கொள்வதாகத்தான் அர்த்தம். வாரியத்தின் கடன் ஒன்றரை லட்சம் கோடி ரூபாய்க்கு மேல் போனது நம்ம அஞ்சு ஹெச்.பி. மோட்டாரால் அல்ல. தனியாரிடம் கொள்ளை விலைக்கு வாங்கிய கரண்டையும், வருஷக் கணக்கில் முடியாமல் இழுத்த மின் நிலையங்களையும், அதற்கெல்லாம் கட்டுகிற வட்டியையும் யாராவது விசாரித்தார்களா?

சர்வீஸ் கேட்டுக் காத்திருப்பவர்கள் 4 லட்சத்துக்கும் மேல் என்று அரசே 2021-ல் கணக்குச் சொன்னது. அந்த ஆண்டு ஒரு லட்சம், 2022-ல் இன்னும் 50 ஆயிரம் இணைப்புகள் என்று அறிவித்தார்கள், கொடுக்கவும் செய்தார்கள். நல்லது, அதை நாம் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் பக்கத்திலேயே தத்கல் என்று ஒரு வாசலைத் திறந்து வைத்தார்களே, அதை என்ன சொல்ல? 5 ஹெச்.பி.க்கு இரண்டரை லட்சம், ஏழரை ஹெச்.பி.க்கு 2 லட்சத்து 75 ஆயிரம், 10 ஹெச்.பி.க்கு 3 லட்சம், 15 ஹெச்.பி.க்கு 4 லட்சம் என்று விலை வைத்தார்கள். பணம் இருக்கிறவன் வரிசையைத் தாண்டிப் போகிறான். நம்ம மஞ்சப்பைக்காரர் ரசீதை மடித்து மடித்து வைத்துக்கொண்டு நிற்கிறார். வரிசையை யார் நடத்துகிறார்கள்? மாநில அமைச்சரின் கீழ் இருக்கிற வாரியம்தான். இதில் டெல்லி எங்கே வந்தது?

"அது மத்திய அரசுங்க"

இனி கோபுரத்துக்கு வருவோம். சத்தீஸ்கரில் ராய்கரிலிருந்து கரூர் மாவட்டம் புகளூர் வரை 800 கே.வி. லைன், 6,000 மெகாவாட். 2018, 2019-ல் கொங்குச் சீமையே இதற்கு எதிராகக் கொதித்தது. அப்போதும் அமைச்சர்கள் சொன்ன பதில் "அது மத்திய அரசுங்க" என்பதுதான்.

மின்கோபுரக்காரர்கள் கையில் வைத்திருப்பது 1885-ஆம் வருஷத்து தந்திச் சட்டம். வெள்ளைக்காரன் தந்திக் கம்பம் நட எழுதியது. நிலத்தை வாங்க மாட்டார்கள், பட்டா நம் பேரிலேயே இருக்கும். அனுபவம் மட்டும் போய்விடும். 2023-ல் அந்தச் சட்டத்தை ரத்து செய்து புதிய தொலைத்தொடர்புச் சட்டம் கொண்டுவந்தார்கள். ஆனால் மின் லைன் போடுவதற்கு மட்டும் பழைய சட்டத்தின் மூன்றாம் பகுதி தொடரும் என்று அதிலேயே எழுதி வைத்துக்கொண்டார்கள். தந்தி போய்விட்டது, தந்திச் சட்டம் நம்ம தோட்டத்தில் மட்டும் உயிரோடு இருக்கிறது!

ஆனால் அதே சட்டத்தின் 16-வது பிரிவைப் படியுங்கள். நில உடைமைக்காரர் மறுத்தால், உள்ளே போக உத்தரவு போட வேண்டியவர் மாவட்ட ஆட்சியர். அவர் யாருடைய அதிகாரி? போலீசைக் கூட்டி வருபவர் யார்? நிலத்தின் வழிகாட்டி மதிப்பை எழுதுவது எந்தப் பதிவுத் துறை? எல்லாம் மாநில அரசு. டெல்லியில் போட்ட கோட்டை நம் வரப்பில் இறக்குவது சென்னையின் கை. இன்னொன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். இழப்பீடு போதவில்லை என்றால் அதே 16-வது பிரிவின்படி மாவட்ட நீதிபதியிடம் மனுப் போடலாம். இதை நோட்டீஸ் கொடுக்க வருகிறவர் சொல்ல மாட்டார்.

இழப்பீட்டுக் கணக்கைப் பாருங்கள். 2015-ல் மத்திய மின் அமைச்சகம், கோபுரம் நிற்கிற இடத்துக்கு நில மதிப்பில் 85 சதவீதம், கம்பி போகிற பாதைக்கு அதிகபட்சம் 15 சதவீதம் என்றது. 2024 ஜூனில் அதை மாற்றி, கோபுர இடத்துக்கு 200 சதவீதம், கம்பிப் பாதைக்கு 30 சதவீதம் என்றார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. 765 கே.வி. ரெட்டை லைனுக்குப் பாதை அகலம் 67 மீட்டர். உங்கள் காட்டின் குறுக்கே 100 மீட்டர் தூரம் போனால் 6,700 சதுர மீட்டர், அதாவது சுமார் 165 சென்ட் அதன் கீழே அடிபடுகிறது. அதில் தென்னை வைக்க முடியாது, வீடு கட்ட முடியாது, பேங்கில் அடமானம் வைக்கப் போனால் மேனேஜர் மூக்கைச் சுளிப்பார். வழிகாட்டி மதிப்பு ஏக்கருக்கு 5 லட்சம் என்று வைத்தால், அந்த 165 சென்ட்டுக்கு 30 சதவீதம் என்பது 2 லட்சத்து 47 ஆயிரத்து 500 ரூபாய். மகள் கல்யாணத்துக்கு விற்கலாம் என்று வைத்திருந்த நிலத்துக்கு, தலைமுறைக்கும் சேர்த்து இவ்வளவுதான். சந்தை மதிப்பா, வழிகாட்டி மதிப்பா என்பதில்தான் விஷயமே இருக்கிறது. அதைச் சந்தை மதிப்பாக்கு என்று அரசாணை போட வைக்கிற பொறுப்பு மின் அமைச்சருடையது.

மாற்று வழியே இல்லை என்கிறார்கள். புகளூரிலிருந்து கேரளத்தின் திருச்சூருக்குப் போகிற 320 கே.வி. லைனைப் பார்த்துவிட்டு வாருங்கள். நம்ம பக்கம் முழுக்கக் கோபுரம். கேரளத்துக்குள் வடக்கஞ்சேரி தாண்டியதும் அதே கரண்ட் ரோட்டோரமாக மண்ணுக்கு அடியில் கேபிளாகப் போகிறது. செலவு பல மடங்கு என்பது உண்மைதான். எல்லா வகை லைனையும் இப்படிப் புதைப்பது லேசில்லை என்பதும் உண்மைதான். ஆனால் அங்கே முடிந்தது. அங்கே ஜனங்கள் நெருக்கமாக இருக்கிறார்கள், நிலம் கிடைக்கவில்லை. இங்கே கிடைத்துவிட்டது. ஏன் கிடைத்தது என்பதை நாம்தான் யோசிக்க வேண்டும்.

மனசு வைத்தால் நடக்காதது இல்லை. 2023 மார்ச் கடைசியில் டெல்டாவின் மைக்கேல்பட்டி, வடசேரி, சேத்தியாத்தோப்புப் பகுதி நிலக்கரிப் படுகைகளை மத்திய அரசு ஏலப் பட்டியலில் சேர்த்தது. மாநில அரசு கடிதம் எழுதியது, சட்டமன்றத்தில் குரல் எழுந்தது, நாலைந்து நாளில் மூன்றையும் பட்டியலிலிருந்து எடுத்தார்கள். அதே 2023 ஜூலையில் கடலூர் மாவட்டம் வளையமாதேவியில் என்ன நடந்தது? நெய்வேலி சுரங்கத்தின் வாய்க்காலுக்காக, வளர்ந்து நின்ற நெற்பயிருக்குள் பொக்லைன் இறங்கியது. கூடவே ஏராளமான போலீஸ். ரெண்டு மாசம் பொறுத்திருந்தால் அறுவடை முடிந்திருக்கும். பின்னால் சென்னை உயர் நீதிமன்றம் ஏக்கருக்கு 40 ஆயிரம் ரூபாய் பயிர் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. ஏப்ரலில் இருந்த வேகம் ஜூலையில் எங்கே போனது? பழுப்பு நிலக்கரியை எரித்து வரும் புகைக்குப் பருவநிலை அமைச்சகம் என்ன சொல்கிறது? ஒரே அரசுக்குள் ஒரு கை மரம் நடுகிறது, இன்னொரு கை பச்சைப் பயிரைப் புரட்டுகிறது.

பருவநிலையும் நாமும்

மழை மாறிவிட்டது என்று நமக்குச் சொல்லித்தர எந்த விஞ்ஞானியும் வேண்டாம். 2016 வடகிழக்குப் பருவமழை பொய்த்ததில் டெல்டாவில் எத்தனை குடும்பம் நடுத்தெருவுக்கு வந்தது! 2018 நவம்பர் 16 கஜா புயலில் பிள்ளை மாதிரி வளர்த்த தென்னை ஒரே ராத்திரியில் படுத்தது. ஒரு லட்சத்துக்கும் மேல் மின்கம்பம் விழுந்தது. அதை வயலுக்குள் இடுப்பளவு தண்ணீரில் தோளில் தூக்கிப் போய் நட்டவர்கள் வாரியத் தொழிலாளர்கள், அவர்களுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை.

ஆகவே சூரிய மின்சாரம், காற்றாலை எதற்கும் நாம் எதிரி இல்லை. எப்படி, யாருக்கு என்பதுதான் கேள்வி. கமுதியில் 2016-ல் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் வந்தது, சுமார் 2,500 ஏக்கர், ஒரே கம்பெனி. 2019-ல் வந்த மத்திய அரசின் குசும் திட்டத்தில் இன்னொரு வழியும் எழுதியிருக்கிறது. அரை மெகாவாட் முதல் 2 மெகாவாட் வரை, துணை மின் நிலையத்துக்குப் பக்கத்தில், விவசாயிகள் தனியாகவோ கூட்டாகவோ போடலாம், வாரியம் வாங்கிக்கொள்ள வேண்டும். உயரமான கால் வைத்து மேலே தகடு, கீழே வெள்ளாமை என்றும் செய்யலாம். பக்கத்தில் விளைகிற கரண்டுக்கு 67 மீட்டர் அகலப் பாதை எதற்கு? இதைக் கிராமம் கிராமமாக வந்து சொன்ன அதிகாரி ஒருவரையாவது பார்த்தீர்களா?

பஸ் பற்றியும் ஒரு வார்த்தை. 2021 மே முதல் டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. களையெடுக்கப் போகிற நம்ம பெண்களுக்கு மாசம் ஐநூறு, ஆயிரம் மிச்சம். ஆனால் டவுன் பஸ்ஸே வராத ஊருக்கு? 1999-ல் உழவர் சந்தை தொடங்கியபோது காய்கறி மூட்டையோடு ஏறுவதற்கு விடியற்காலை பஸ் விட்டார்கள். எத்தனை ஊரில் அந்த டிரிப் அப்புறம் நின்றது! டீசலை மிச்சம் பண்ணுவதும் புகையைக் குறைப்பதும் பஸ்ஸால்தான் என்று அமைச்சர்கள் மேடையில் பேசுகிறார்கள். நாலரை மணிக்கு ஒரு பஸ் விட்டால் பத்துப் பேர் பத்து மொபெட்டில் போக மாட்டார்களே.

நாம் கேட்பது இதுதான். மூன்று துறையும் ஒரு விவசாயியின் நிலத்தைத் தொடுவதற்கு முன்னால், மூன்று அமைச்சரும் அந்த ஒரே சர்வே நம்பரை ஒரே மேசையில் வைத்துப் பார்க்க வேண்டும். கோபுரம் நிற்கும் நிலத்துக்காரருக்கு வரிசை பார்க்காமல் சர்வீஸ் கொடு. சந்தை மதிப்பில் இழப்பீடு கொடு, கம்பிப் பாதைக்கு வருஷ வாடகையும் கொடு. பயிர் நிற்கும்போது வயலில் இறங்காதே. நின்றுபோன காலை டிரிப்பைத் திரும்ப விடு.

இந்த மாத விவசாயிகள் குறைதீர்க்கும் நாளில் ஆட்சியர் அலுவலகத்துக்குத் திரளாக வருவோம். வரும்போது பட்டா, சிட்டா, அடங்கல் நகல், வாரிய ரசீது, வந்திருக்கும் நோட்டீஸ் எல்லாவற்றையும் ஜெராக்ஸ் ரெண்டு செட் எடுத்து வாருங்கள். அசலை யாரிடமும் கொடுக்க வேண்டாம். நோட்டீஸில் கையெழுத்துக் கேட்டால், "ஆட்சேபணையுடன் பெற்றுக்கொண்டேன்" என்று எழுதித் தேதி போட்டுக் கையெழுத்திடுங்கள். எழுதத் தெரியாதவர்களுக்கு எழுதிக் கொடுக்க சங்கத் தோழர்கள் காலை 9 மணியிலிருந்து வாசலில் இருப்பார்கள். மஞ்சப்பைப் பெரியவரும் வருகிறார்.