56 நாள் ஆகாத குட்டியை விக்காதீங்க, வாங்காதீங்க



இந்தத் தடவை நெல்லைப் பத்தி எழுதல. நாய்க்குட்டியைப் பத்தி எழுதறேன். கோவத்தோடதான் எழுதறேன், அதுல பாதிக் கோவம் என் மேலயே.

சம்பா அறுவடை முடிஞ்ச கையோட ஒரு சிப்பிப்பாறைக் குட்டி வாங்கினேன். களத்துல நெல்லு கெடக்கும்போது ராத்திரிக் காவலுக்கு நாய் இல்லாம ஆகாது, நம்ம பக்கத்து ஆளுங்களுக்குத் தெரியும். வித்தவர், "45 நாள் ஆச்சுண்ணே, பாருங்க எப்படி கொழுகொழுன்னு இருக்கு" அப்படின்னார். 6,000 ரூபாய் எண்ணிக் கொடுத்தேன். அதே ஈத்துல இன்னொரு குட்டியை என் மச்சான் வாங்கினார்.

மூணாம் நாளே வயிறு பலூன் மாதிரி உப்பிடுச்சு. கழிசல். காது மடல் பூரா உண்ணி. ராத்திரி முழுக்க அனத்தல். டீக்கடையில ஆளுக்கொரு வைத்தியம் சொன்னாங்க. "நாட்டு நாய்க்கு எதுக்குண்ணே டாக்டரு, தானா சரியாப் போயிடும்" அப்படின்னு ஒருத்தர். உண்ணிக்கு மண்ணெண்ணெய் தடவச் சொன்னார் இன்னொருத்தர். நானும் தடவினேன். மறுநாள் காது ஓரம் தோல் வெந்து செவந்து போச்சு. முப்பது வருசத்துக்கு மேல மாடு வச்சிருக்கிறவன் செஞ்ச காரியம் இது.

அப்புறம்தான் கால்நடை மருந்தகத்துக்குத் தூக்கிட்டு ஓடினேன். டாக்டரம்மா வயித்தைத் தொடுறதுக்கு முன்னாடி வாயைத் திறந்து பார்த்தாங்க. "முன்பல்லே இப்பத்தான் எட்டிப் பார்க்குது. இது 45 நாள் குட்டியா ஐயா? ஒரு மாசம் இருந்தா பெருசு" அப்படின்னாங்க. எனக்கு வெக்கமாப் போச்சு. மாட்டுக்குப் பல்லைப் பிடிச்சுப் பார்க்காம சந்தையில காசு கொடுத்திருப்பேனா?

அன்னிக்கு அவங்க சொன்னதையும், அப்புறம் நான் விசாரிச்சுத் தெரிஞ்சுக்கிட்டதையும் சொல்றேன்.

கொழுகொழுன்னு இருந்தது சதை இல்ல, பூச்சி. தாய் நாயோட உடம்புக்குள்ள நாக்குப்பூச்சியோட குஞ்சுங்க தூங்கிக்கிட்டு இருக்கும். தாய் சினையானதும் அதுங்க முழிச்சு, கருவுல இருக்கிற குட்டிக்குப் போயிடும். பொறந்த பிறகு பால் வழியாவும் போகும். கொக்கிப்புழுவும் தாய்ப்பால் வழியா வரும். அது ரத்தத்தை உறிஞ்சும், ஈறு வெளுத்துடும். அதனாலதான் பொறந்த 2 வாரத்துல பூச்சி மருந்து ஆரம்பிச்சு, 2 வாரத்துக்கு ஒரு தடவை கொடுத்துக்கிட்டே வரணும்னு சொல்றாங்க. அப்படின்னா முதல் மருந்தும் ரெண்டாவது மருந்தும் விக்கிறவர் கையிலதான் இருக்கு. அவர் கொடுக்கல. நானும் கேக்கல.

கழிசலுக்குப் பூச்சியும் காரணம், நான் ஊத்தின பசும்பாலும் காரணம். தாய்ப்பாலை வெடுக்குனு நிறுத்திட்டு மாட்டுப்பாலை ஊத்தினா சின்னக் குடல் தாங்காது. ராத்திரி அனத்தினது சீக்கே இல்ல. தாயும் கூடப்பொறந்ததுங்களும் இல்லாத குளிரு.

ஆக, உப்பின வயிறு, கழிசல், அனத்தல்னு நாம சொல்ற இந்தச் சின்னச் சின்ன சீக்கெல்லாம் பெரும்பாலும் குட்டியோட குத்தம் இல்ல. அவசரப்பட்டுப் பிரிச்சதுக்கான கூலி.

சின்ன சீக்குதானேன்னு விடலாமான்னா, விட முடியாது. அந்தப் பூச்சி முட்டை மண்ணுல கிடந்து முத்தினதும் பிள்ளைங்க கை வழியா வயித்துக்குப் போகும். சில சமயம் கண்ணைக்கூட பாதிக்கும். என் பேத்தி அந்தக் குட்டியோடதான் வாசல் மண்ணுல உருண்டுகிட்டு இருந்தா. இதை எழுதும்போதும் எனக்கு வயித்தைக் கலக்குது.

மச்சான் வாங்கின குட்டிக்கு ரெண்டு வாரம் கழிச்சு வாந்தி, ரத்தக் கழிசல். பார்வோ. மூணே நாள்ல போச்சு. பார்வோவுக்கு முதல் ஊசியே 6-லேர்ந்து 8 வாரத்துல போடறது. அப்புறம் 16 வாரம் வரைக்கும் இடைவெளி விட்டு மறுபடியும் போடணும். ஒரு மாசத்துக் குட்டியைப் பையில போட்டு பஸ்ஸுல கொண்டு வந்தா ஊசியோட காவல் எப்படி இருக்கும்? இன்னொண்ணு, அந்தக் கிருமி மண்ணுல மாசக்கணக்குல சாகாது. மச்சான் வீட்டு வாசல்ல இன்னும் கொஞ்ச காலம் ஊசி போடாத குட்டியை விட முடியாது.

எதிர்வாதமும் கேட்டாச்சு. "சின்னதா வாங்கினாத்தான் நம்மகிட்ட ஒட்டும்" அப்படிங்கறாங்க. தப்பு. 2 மாசத்துக் குட்டியும் நல்லாவே ஒட்டும். கூடப்பொறந்ததோட கடிச்சு விளையாடித்தான், எவ்வளவு அழுத்தினா வலிக்கும்னு குட்டி கத்துக்குது. அதைக் கத்துக்காம வர்றதுதான் பின்னால பிள்ளைங்களைக் கடிக்கும்.

"நாட்டு இனம், எதையும் தாங்கும்" அப்படிங்கறாங்க. ராஜபாளையம் நாய்க்கு 2005-ல தபால்தலை வந்துச்சு. 2020 ஆகஸ்ட் மாசம் பிரதமர் மனதின் குரல்ல சிப்பிப்பாறை, கோம்பை எல்லாம் பேர் சொல்லிப் பேசினார். பெருமைதான். ஆனா பெருமை பூச்சியைக் கொல்லாது. வெள்ளை ராஜபாளையத்துல பிறவிச் செவிடே உண்டு. பின்னால நின்னு கைதட்டிப் பார்த்து வாங்குங்க.

விக்கிறவர் கஷ்டம் எனக்குப் புரியுது. ஒரு மாசத்துக்கு மேல ஏழெட்டுக் குட்டிக்குத் தீனி போடறது செலவுதான். அந்தச் செலவை விலையில சேருங்க, நான் கொடுக்கிறேன். 8 வாரம் ஆகாத குட்டியை விக்கக் கூடாதுன்னு 2017-லயே மத்திய அரசு விதி போட்டிருக்கு. ஆனா சட்டத்துக்கு முன்னாடி நமக்கு நாத்தாங்கால் புத்தி இருக்கே. ஒத்தை நாத்து நடவுக்கு 14 நாள், சம்பாவுக்கு ஒரு மாசம்னு நாத்து வயசை எண்ணித்தானே பறிக்கிறோம்? கொள்முதல்ல 17 சதவீதம் ஈரத்துக்கு மேல போனா நெல்லை வாங்க மாட்டாங்க. நெல்லுக்கு இருக்கிற கணக்கு உசுருக்கு வேண்டாமா?

வாங்கப் போறவங்க தாய் நாயைக் காட்டச் சொல்லுங்க. வாயைத் திறந்து பல்லைப் பாருங்க. பூச்சி மருந்து எந்தெந்தத் தேதியில கொடுத்தாங்கன்னு கேளுங்க. பதில் இல்லன்னா காசை மடியில வச்சுக்கிட்டுத் திரும்பி வந்துடுங்க. வீட்டுக்கு வந்ததும் டாக்டர்கிட்ட காட்டுங்க. 3 மாசத்துல வெறிநாய்க்கடி ஊசியை விட்டுடாதீங்க. மண்ணெண்ணெய், மாட்டுக்கு வாங்கின ஊசி மருந்து, நமக்கு வச்சிருக்கிற காய்ச்சல் மாத்திரை எதையும் குட்டி கிட்ட கொண்டு போகாதீங்க.

என் குட்டி பிழைச்சுக்கிச்சு. இப்போ களத்துல காக்காயைத் துரத்துது. காது ஓரத்துல மட்டும் மண்ணெண்ணெய் பட்ட இடத்துல இன்னும் முடி முளைக்கல. அதைப் பார்க்கிறப்பல்லாம் தலை குனியத்தான் தோணுது.