காலம் கடந்து வரும் காசு



மோட்டார் வண்டி வைத்திருப்போர் மறவாத தேதி ஒன்று உண்டு. காப்பீட்டுப் பாலிசி முடிவுறும் தேதி! அன்று நள்ளிரவு மணி பன்னிரண்டு அடித்து ஓய்ந்ததும், பாலிசியின் உயிரும் ஓய்ந்துவிடும். மறுநாள் காலை ஆறு மணிக்கு அந்த வண்டி ஒருவர்மீது மோதினால், "ஆறு மணி நேரம் தாமதித்தீர், எமக்குப் பொறுப்பில்லை" என்று கம்பெனி கைவிரிக்கும். சட்டமும் அதற்கு ஆமென்று தலையசைக்கும். கட்டவேண்டியவன் ஒரு நாள் தவறினாலும் மன்னிப்பில்லை!

சரி, கொடுக்கவேண்டியவர் தவறினால்? ஒரு நாளன்று, ஓராண்டு, ஈராண்டு, ஐந்தாண்டு தவறினால்? கால் முறிந்து கட்டிலில் கிடப்பவன் கேட்கும் கேள்வி இது. கணவனைச் சாலையிலே பறிகொடுத்துவிட்டுத் தீர்ப்பாயத்துப் படிக்கட்டிலே காத்திருக்கும் தாயின் கேள்வி இது. இந்த ஞாயிற்றுக்கிழமை அந்தக் கேள்வியை உங்கள்முன் வைக்கிறேன். ஏனெனில், உங்கள் ஊரில், உங்கள் தெருவில், உங்கள் கிளையின் எல்லைக்குள்ளேயே அப்படிக் காத்திருப்போர் உண்டு.

நம் நாட்டில் மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயமானது 1946 ஜூலை முதல் நாள். 1939ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் ஓர் அத்தியாயம் அன்றுதான் நடைமுறைக்கு வந்தது. சிவில் நீதிமன்றத்தில் ஆண்டுக்கணக்கில் அலைய வேண்டாமென்று 1956இல் தனித் தீர்ப்பாயங்களுக்கு வழி செய்தனர். ஆயினும் ஒரு முள் அகலவில்லை. அடிபட்டவனே ஓட்டுநரின் கவனக்குறைவை மெய்ப்பிக்க வேண்டும்! மயங்கிக் கிடந்தவன் எப்படி மெய்ப்பிப்பான்? மாண்டவன் எப்படிச் சாட்சி சொல்வான்? எனினும், கவனக்குறைவு மெய்ப்பிக்கப்படாவிடில் இழப்பீடு இல்லையென்றே 1977இல் உச்சநீதிமன்றமும் கூறிற்று.

அந்த இருளில் ஒரு குரல் எழுந்தது. நீதிநாயகம் வி. ஆர். கிருஷ்ணய்யர், குற்றம் யாருடையது என்று பாராமல் இழப்பீடு தரும் திசையில் சட்டம் வளர வேண்டுமென்று 1979இல் தீர்ப்பொன்றிலேயே எழுதினார். அடுத்த ஆண்டு, தமிழ்நாட்டிலிருந்து சென்ற பேருந்து விபத்து வழக்கொன்றில் மற்றொன்றையும் சொன்னார்: மாநிலங்கள் போதிய தீர்ப்பாயங்களை அமைத்திட வேண்டும், உயர்நீதிமன்றங்கள் விரைந்து முடித்திட வலியுறுத்த வேண்டும், ஏற்கெனவே பட்ட துயரத்தைத் தாமதம் பெருக்கிவிடக் கூடாது.

கவனித்தீர்களா தோழர்களே? குற்றம் கேளாமல் கொடு என்பது ஒன்று. காலம் கடத்தாமல் கொடு என்பது இன்னொன்று. இரண்டும் ஒரே நெஞ்சிலிருந்து பிறந்தவை. இரட்டைக் குழந்தைகள்! நம்மை ஆண்டோர் ஒன்றைத் தொட்டிலில் இட்டனர். மற்றொன்றைத் தெருவிலே விட்டனர்.

குற்றம் கேளா இழப்பீடு, அதாவது வழக்கறிஞர்கள் 'நோ ஃபால்ட்' என்று வழங்குவது, 1982இல் சட்டமாயிற்று. உயிரிழப்புக்கு ரூ. 15,000, நிரந்தர ஊனத்துக்கு ரூ. 7,500. 1988ஆம் ஆண்டுச் சட்டத்தில் அது ரூ. 25,000 என்றும் ரூ. 12,000 என்றும் ஆனது. 1994இல் ரூ. 50,000, ரூ. 25,000. அதே 1994இல், வயதையும் வருவாயையும் கொண்டு தொகை கணக்கிடும் அட்டவணை ஒன்றும் வந்தது. ஆண்டு வருவாய் ரூ. 40,000க்கு உட்பட்டோருக்கே அது என்றனர். அந்த வரம்பு எத்தனை காலம் நின்றது தெரியுமா? 2018 வரை! அரிசி விலை ஏறிற்று, அறுவைச் சிகிச்சைக் கட்டணம் ஏறிற்று, ஆட்சிகள் மாறின. இருபத்து நான்கு ஆண்டுகள் அட்டவணை மட்டும் அசையவில்லை.

இப்போதைய நிலை என்ன? 2019இல் திருத்தப்பட்டு, 2022 ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்த 164ஆம் பிரிவின்படி, உயிரிழப்புக்கு ரூ. 5 இலட்சம், கொடுங்காயத்துக்கு ரூ. 2.5 இலட்சம். தொகை உயர்ந்தது, மறுக்கவில்லை. ஆனால் ஒன்று பறிபோயிற்று. பழைய 140ஆம் பிரிவு, "முதலில் இதைப் பெற்றுக்கொள், மேலும் வேண்டுமானால் குற்றத்தை மெய்ப்பித்து வழக்காடு" என்றது. சிறு தொகையே எனினும் முதலில் கைக்கு வரவேண்டிய தொகை அது. அந்தப் பிரிவு நீக்கப்பட்டுவிட்டது. இன்று 164ஆம் பிரிவின் தொகையை ஏற்றுக்கொண்டால், மற்ற வழக்கு முடிந்துபோகும். பசித்தவனிடம், "இந்தக் கஞ்சியைக் குடித்தால் சோற்றுரிமை போய்விடும், சோறு வேண்டுமானால் கஞ்சியின்றிக் காத்திரு" என்று கூறுவது போன்றதன்றோ இது!

காத்திருப்பதால் என்ன கெட்டுவிடும், வட்டியோடு வருமே என்பார் உளர். கணக்குப் பார்ப்போம். கொத்தனார் ஒருவர் சாலையில் அடிபட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். மருத்துவத்துக்கும் வீட்டுச் செலவுக்குமாக ஓர் இலட்சம் கடன். மாதம் நூற்றுக்கு மூன்று ரூபாய் வட்டி. (2003இல் கந்துவட்டித் தடைச் சட்டம் வந்த பின்னும், அவசரத்துக்கு அலைபவனுக்கு எந்த வட்டியில் பணம் கிடைக்கிறதென்று நான் சொல்லி நீங்கள் அறிய வேண்டியதில்லை.) ஆண்டுக்கு அவர் கட்டுவது ரூ. 36,000. தீர்ப்பாயம் 7.5 விழுக்காடு வட்டி அளித்தால், அந்த ஓர் இலட்சத்துக்கு ஆண்டுக்கு அவர் பெறுவது ரூ. 7,500. இடையே உள்ள ரூ. 28,500 யார் தலையில் விழுகிறது? மூன்றாண்டு வழக்கு நடந்தால் ரூ. 85,500! குற்றமும் செய்யாமல், வண்டியும் ஓட்டாமல், சாலையோரம் நடந்தவர் செலுத்தும் தண்டம் இது.

மறுபுறம் பாருங்கள். கொடாத பணம் கம்பெனியின் பெட்டியில் உறங்குவதில்லை. நிலுவைக் கோரிக்கைகளுக்கென ஒதுக்கிய நிதி முதலீடாகிறது. முதலீடு வருவாய் ஈட்டுகிறது. தாமதம் ஒருவனுக்குக் கடன், மற்றொருவருக்கு வரவு. இந்தத் தராசை நேராக்காமல், "விரைந்து கொடுங்கள்" என்று எத்தனை சுற்றறிக்கை அனுப்பினாலும் என்ன பயன்?

இது ஒருவர் இருவர் துயரமா? 2022ஆம் ஆண்டில் மட்டும் இந்தியச் சாலைகளில் மாண்டோர் 1,68,491 பேர். காயமுற்றோர் 4,43,366 பேர். விபத்துகளின் எண்ணிக்கையில் முதலிடம் நம் தமிழ்நாட்டுக்கு: 64,105. பெருமைப்படத்தக்க முதலிடமா இது! 2022-23 நிதியாண்டு முடிவில் நாடெங்கும் தீராமல் கிடந்த விபத்துக் கோரிக்கைகள் 10,46,163; அவற்றின் தொகை ரூ. 80,455 கோடி. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி கேட்கப்பட்டபோது, காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமே தந்த கணக்கு இது. பத்து இலட்சம் கோப்புகள் என்று படித்துவிட்டுப் போகாதீர்கள். பத்து இலட்சம் அடுப்புகள் என்று படியுங்கள்.

வேறு நாடுகளில் எப்படி? அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலம் 1973 முதலும், நியூயார்க் மாநிலம் 1974 முதலும் குற்றம் கேளாக் காப்பீட்டைப் பின்பற்றுகின்றன. அங்கே காரில் சென்று காயமுற்றவரின் மருத்துவச் செலவையும் இழந்த ஊதியத்தையும் பெரும்பாலும் அவர் கார் சார்ந்த காப்பீட்டு நிறுவனமே தருகிறது. சான்றுகள் கிடைத்த 30 நாளில் பணம் தர வேண்டும். தவறினால்? மிச்சிகனில் ஆண்டுக்கு 12 விழுக்காடு வட்டி. நியூயார்க்கில் மாதத்துக்கே 2 விழுக்காடு! கருணையை நம்பி அந்தச் சட்டங்கள் எழுதப்படவில்லை. தாமதித்தால் நட்டம் கம்பெனிக்கு என்று எழுதப்பட்டன. முதலாளித்துவத்தின் தலைநகரிலேயே முதலாளிக்கு முப்பது நாள் கெடு வைக்க முடிகிறது. சமதர்மம் என்று அரசமைப்பின் முகப்பிலே எழுதிவைத்த நாட்டில் முடியாதா?

இங்கே கெடுவே இல்லையா என்று கேட்பீர்கள். ஏட்டிலே உண்டு. 2022 ஏப்ரல் முதல் நடப்பிலுள்ள விதிகளின்படி, காவல்துறை 48 மணி நேரத்தில் முதல் விபத்து அறிக்கையும், 50 நாளில் இடைக்கால அறிக்கையும், 90 நாளில் விரிவான அறிக்கையும் தர வேண்டும். அதன்பின் 30 நாளில் நிறுவனத்தின் அலுவலர் தம் முடிவைச் சொல்ல வேண்டும். இவற்றைப் பின்பற்றுக என்று 2022 டிசம்பரில் உச்சநீதிமன்றம் ஆணையிட்டது. தீர்ப்பு வந்த 30 நாளில் தொகையைச் செலுத்த வேண்டுமென்று 168ஆம் பிரிவும் கூறுகிறது. ஆனால் இக்கெடுக்கள் தவறினால், நியூயார்க்கில் போலத் தானாகவே ஏறும் தண்ட வட்டி எங்கே? 171ஆம் பிரிவின் வட்டி, தீர்ப்பாயம் விரும்பினால் தீர்ப்போடு சேர்த்து வழங்குவது. கெடு உண்டு, தண்டம் இல்லை. தண்டமில்லாத கெடு பல்லில்லாத பாம்பு!

அடிபட்டவனுக்கு மட்டும் பல்லுள்ள கெடு வைத்தார்கள். 1994இல் நீக்கப்பட்ட கால வரம்பை 2019ஆம் ஆண்டுத் திருத்தம் மீண்டும் கொண்டுவந்தது. விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் மனு போடாவிட்டால் உரிமை இல்லையாம்! எலும்பு கூடும் முன்னே, ஈமச்சடங்கின் கடன் தீரும் முன்னே கதவை மூடிவிடுவார்களாம். இதை எதிர்த்து வழக்குகள் சென்றன. காலம் கடந்ததென்ற ஒரே காரணத்தால் மனுக்களைத் தள்ளக்கூடாதென்று 2025 நவம்பரில் உச்சநீதிமன்றம் இடைக்கால ஆணை தந்தது. நீதிமன்றம் கைகொடுத்தது, நன்று. ஆனால் சட்டம் எழுதியவர் நெஞ்சு எந்தப் பக்கம் சாய்ந்திருந்ததென்பதை அந்த ஆறு மாதம் காட்டிக்கொடுத்துவிட்டதன்றோ?

அரசே தாமதித்த கதையும் உண்டு. விபத்து நடந்த முதல் மணி நேரத்தில் கட்டணமின்றிச் சிகிச்சை தரத் திட்டம் வகுக்க வேண்டுமென்ற 162ஆம் பிரிவு 2022 ஏப்ரலில் உயிர்பெற்றது. திட்டமோ வரவில்லை. கோவை எலும்பு மருத்துவர் எஸ். ராஜசேகரன் 2012இல் தொடுத்த சாலைப் பாதுகாப்பு வழக்கில், 2025 சனவரியில் உச்சநீதிமன்றம் நாள் குறித்து ஆணையிட வேண்டியதாயிற்று. மே 5ஆம் நாள் அறிவிப்பு வந்தது: ஏழு நாள் வரை, ரூ. 1.5 இலட்சம் வரை சிகிச்சை. தமிழ்நாட்டிலோ, முதல் 48 மணி நேரச் சிகிச்சையை ஏற்கும் 'இன்னுயிர் காப்போம்' திட்டம் 2021 டிசம்பர் 18ஆம் நாளே தொடங்கப்பட்டிருந்தது. ஒரு மாநிலத்தால் இயன்றது ஒன்றியத்தால் ஏன் இயலவில்லை?

எதிர்வாதம் ஒன்று உண்டு. அதை மறைப்பது நமக்கு அழகன்று. "போலிக் கோரிக்கைகள் பெருகிவிட்டன, ஆராயாமல் கொடுக்க முடியுமா?" என்று கேட்கிறார்கள். போலிகள் உண்டு. உத்தரப்பிரதேசத்தில் அவற்றை ஆராயச் சிறப்புப் புலனாய்வுக் குழுவே அமைக்க நேர்ந்தது. போலியைப் பிடியுங்கள், சிறையில் தள்ளுங்கள், நாம் கைதட்டுவோம். ஆனால் விரைந்து ஆராய்ந்தால்தானே போலி சிக்கும்? மூன்றாண்டு கழித்துச் சாட்சி தேடினால் மெய்யும் மறைந்துபோகும், பொய்யும் பழுத்துப்போகும். களை இருக்கிறதென்று பயிருக்கு நீர் பாய்ச்ச மறுப்பவனை உழவன் என்போமா?

ஆகவே நம் கோரிக்கைகள் மூன்று. சான்று தந்த 30 நாளில் 164ஆம் பிரிவின் தொகை வராவிடில், மாதம் 2 விழுக்காடு தண்ட வட்டி, எவர் ஆணைக்கும் காத்திராமல், தானே ஏறவேண்டும். முதலில் ஒரு பகுதி, பிறகு வழக்கு என்ற பழைய இடைக்கால உதவி மீள வேண்டும். இடைக்கால உதவித் திட்டம் வகுக்க ஒன்றிய அரசுக்கு 164-ஏ பிரிவு அதிகாரம் தந்திருக்கிறது, மனந்தான் வேண்டும். ஆறு மாத வரம்பு அடியோடு நீங்க வேண்டும்.

சட்டம் மாறும்வரை வாளாவிருப்பதா? கூடாது. உங்கள் ஊரில் விபத்து நடந்ததும் ஓடிப்போய் ஆறுதல் கூறுகிறீர்கள், மாலை வைக்கிறீர்கள், அதனோடு திரும்பிவிடாதீர்கள். முதல் தகவல் அறிக்கையின் நகலை வாங்கித் தாருங்கள். காயச் சான்றிதழ், மருத்துவமனையின் டிஸ்சார்ஜ் சீட்டு, செலவுச் சீட்டுகள், ஊதியச் சான்று அனைத்தையும் ஒரே உறையில் சேர்த்து வையுங்கள். 48 மணி நேரத்து அறிக்கை போயிற்றா என்று காவல்நிலையத்தில் கேளுங்கள். மோதிய வண்டி நில்லாமல் ஓடிவிட்டதா? "போனது போகட்டும்" என்று விடாதீர்கள்; உயிரிழப்புக்கு ரூ. 2 இலட்சமும் கொடுங்காயத்துக்கு ரூ. 50,000மும் தரும் திட்டம் உண்டு. கோட்டம் அல்லது வட்ட அளவிலுள்ள விசாரணை அலுவலரிடம் விண்ணப்பிக்க வேண்டும். அறியாமையால் அதைக் கேளாதிருப்போர் ஏராளம். வழக்கில் வாய்தா வாய்தாவாக நாள் நகர்ந்தால், ஒவ்வொரு தேதியையும் குறித்து வைத்துச் சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினரிடம் கொடுங்கள். அவையிலே முழங்க அவருக்கு அது ஆயுதம்.

தேர்தல் நாளில் வாக்குச்சாவடிக்கு வழிகாட்டும் கரங்கள், துயர நாளில் தீர்ப்பாயத்துக்கும் வழிகாட்ட வேண்டாமா? கட்சி மக்களுக்காக என்று மேடைதோறும் கூறுகிறோம். ஊன்றுகோலோடு வந்து நிற்கும் ஒருவரின் விண்ணப்பத்தை நாம் நிரப்பித் தரும் நேரத்தில்தான் அந்தச் சொல் மெய்யாகிறது. குற்றம் கேளாமல் கொடுக்கச் சட்டம் செய்தாயிற்று. இனிக் காலம் தாழ்த்தாமல் கொடுக்கவும் செய்வோம்!