பேன்ட்டுக்கு மேல ஜட்டி! சூப்பர்மேன் ஏன் போட்டார், ஏன் கழற்றினார், ஏன் திரும்ப மாட்டினார்?

"பேன்ட்டுக்கு மேல ஜட்டி போட்டா சூப்பர்மேன்!" பள்ளிக்கூடத்தில் இந்த ஜோக்கை ஒருமுறையாவது கேட்காதவர்கள் நம்மில் ரொம்பக் குறைவு. ஒருகட்டத்தில், சூப்பர்மேன் கதைகளை வெளியிடும் டிசி காமிக்ஸ் நிறுவனமே அந்தச் சிவப்பு உடையைக் கழற்றிவிட்டது. அது நடந்தது 2011-ல். சரி, விஷயம் முடிஞ்சதுன்னு பார்த்தால், 2025 ஜூலையில் வெளியான ஜேம்ஸ் கன்னின் 'சூப்பர்மேன்' படத்தில் அது மறுபடியும் வந்து நிற்கிறது.

முதலில் அதை ஏன் போட்டார்கள்? ஏன் கழற்றினார்கள்? கழற்றியதை எதுக்குத் திரும்ப மாட்டினார்கள்? வாங்க, ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

அது ஜட்டியே இல்லை!

அந்த உடைக்குப் பெயர் ட்ரங்க்ஸ். குத்துச்சண்டை வீரர்களும் நீச்சல் வீரர்களும் போடுகிறார்களே, அந்த வகை. வெளியே தெரிய வேண்டும் என்றே தைக்கப்பட்ட உடை அது.

அப்போ பார்த்ததும் நமக்கு ஏன் ஜட்டின்னு தோணுது? சூப்பர்மேன் முதன்முதலில் வந்தது 1938-ல், 'ஆக்‌ஷன் காமிக்ஸ்' முதல் இதழில். இன்று நமக்குப் பழக்கமான வடிவத்தில் ஆண்களுக்கான ஜட்டி, 'ஜாக்கி' என்ற பெயரில் அமெரிக்காவின் சிகாகோ நகரக் கடை ஒன்றில் விற்பனைக்கு வந்ததே 1935 ஜனவரியில்தான். அதாவது சூப்பர்மேன் வருவதற்கு மூணே வருஷம் முன்னால. அதற்கு முன்பு அங்கே ஆண்களின் உள்ளாடை என்றால் பெரும்பாலும் நீளக் கால் வைத்ததுதான்.

அதனால், 1938-ல் அந்தப் புத்தகத்தைப் பிரித்த ஒரு பையனுக்கு உள்ளாடை ஞாபகம் வந்திருக்க வாய்ப்பு குறைவு. அவனுக்கு வேறு ஒருத்தர் ஞாபகம்தான் வந்திருக்கும். அவர்தான் சர்க்கஸ் பயில்வான்.

பலசாலின்னா பயில்வான்தான்

டிவி வராத காலம் அது. 'உலகத்திலேயே பலசாலி' யாரென்று நேரில் பார்க்க மக்கள் போன இடம் சர்க்கஸ் கூடாரமும் மல்யுத்த மேடையும்தான். அங்கே இரும்புக் கம்பியை வளைத்த பயில்வான்கள் உடம்போடு ஒட்டிய டைட்ஸ் போட்டு, அதுக்கு மேல ட்ரங்க்ஸ் போட்டிருப்பார்கள். கிட்டத்தட்ட அதுதான் அவர்களின் யூனிஃபார்ம்.

அந்தப் பயில்வான்கள் எவ்வளவு பெரிய நட்சத்திரங்கள் என்பதற்கு நம்ம ஊரிலேயே சாட்சி உண்டு. ஐரோப்பாவையும் அமெரிக்காவையும் கலக்கிய யூஜின் சாண்டோ என்ற பயில்வான், 1900-களின் தொடக்கத்தில் இந்தியாவுக்கும் வந்து நிகழ்ச்சி நடத்தினார். அவர் பெயரே இங்கே கட்டுமஸ்தான ஆட்களுக்குப் பட்டமாகிவிட்டது. தயாரிப்பாளர் சாண்டோ சின்னப்பா தேவரின் பெயருக்கு முன்னால் இருப்பது அந்த 'சாண்டோ'தான்.

சூப்பர்மேனை உருவாக்கிய ஜெர்ரி சீகலும் ஜோ ஷூஸ்டரும் அமெரிக்காவின் கிளீவ்லேண்ட் நகரத்துப் பள்ளி நண்பர்கள். முதல் கதை அச்சானபோது இருவருக்கும் வயது 23. ஓவியரான ஷூஸ்டருக்கு உடற்பயிற்சி என்றால் உயிர். 'உலகத்திலேயே பலசாலி' ஒருவரை வரைய உட்கார்ந்தபோது, தன் காலத்துப் பலசாலிகள் போட்ட உடையையே அவர் மாட்டிவிட்டார். ஆரம்ப ஓவியங்களில் சூப்பர்மேனின் காலில்கூடப் பயில்வான்கள் போடும் வார் கட்டிய செருப்புதான் இருந்தது. சிவப்பு பூட்ஸ் பிறகுதான் வந்தது.

இதில் சூப்பர்மேன் முதல் ஆளும் இல்லை. தமிழ் காமிக்ஸ் வாசகர்களுக்கு வேதாளராகப் பழக்கமான ஃபேன்டம், 1936-லேயே டைட்ஸ் மேல கோடு போட்ட ட்ரங்க்ஸோடு வந்துவிட்டார்.

கிழியக்கூடாது, மானமும் போகக்கூடாது

சரி, பயில்வான்கள் ஏன் அப்படிப் போட்டார்கள்? காரணம் ரொம்ப சிம்பிள். இழுத்தால் நீண்டு, விட்டால் பழையபடி சுருங்கும் ஸ்பான்டெக்ஸ் துணி கண்டுபிடிக்கப்பட்டதே 1958-ல்தான். அதற்கு முன்பு டைட்ஸ் என்றால் கம்பளி, பருத்தி, பட்டு நூலில் பின்னியது. குனிந்து நிமிர்ந்தால் தொய்யும். காலை அகட்டி எடை தூக்கினால் தையல் விட்டுப்போகும். ஆயிரம் பேர் முன்னால் அப்படி ஆனால் என்ன ஆகும்? மேலே ஒரு ட்ரங்க்ஸ் போட்டால் பிரச்சினை தீர்ந்தது.

காமிக்ஸ்காரர்களுக்கு இன்னொரு வசதியும் இருந்தது. அன்றைய காமிக்ஸ் புத்தகத்தின் விலை 10 சென்ட். மட்டமான காகிதத்தில் நாலே மையில் அச்சு. மெல்லிய நிழலெல்லாம் அதில் எடுபடாது. கழுத்திலிருந்து கால்வரை ஒரே நீலம் அடித்தால், நீலச் சாயம் பூசிய ஆள் மாதிரிதான் தெரியும். நடுவில் ஒரு சிவப்பு, அதற்கு மேல் மஞ்சள் பெல்ட் வந்ததும் உருவம் பளிச்சென்று பிரிந்து தெரிந்தது.

அப்புறம் ஏன் கழற்றினாங்க?

வருஷங்கள் போகப் போக சர்க்கஸ் பயில்வான் மக்கள் நினைவிலிருந்து மறைந்தார். ட்ரங்க்ஸ் வடிவ ஜட்டியோ வீட்டுக்கு வீடு கொடியில் காய ஆரம்பித்தது. சூப்பர்மேன் உடையில் ஒரு நூல்கூட மாறவில்லை, பார்க்கிற நம் கண்தான் மாறியது. அதில்தான் அந்த ஜோக் பிறந்தது.

சினிமா இன்னொரு பக்கம் போனது. 1989-ல் வந்த 'பேட்மேன்' படத்தில் கதாநாயகனுக்குக் கவசம் மாதிரி கறுப்பு உடை. 2000-ல் வந்த 'எக்ஸ்-மென்' படத்தில் எல்லாருக்கும் கறுப்பு லெதர். 2011-ல் டிசி தன் கதைகளையெல்லாம் புதிதாகத் தொடங்கியபோது சூப்பர்மேனின் ட்ரங்க்ஸ் போனது. 2013-ல் 'மேன் ஆஃப் ஸ்டீல்' படத்தில் ஹென்றி கேவிலும் அது இல்லாமலேயே வந்தார்.

இதை வெறும் ஃபேஷன் மாற்றமாக மட்டும் பார்க்க முடியாது. 1938-ல் பலசாலி என்றால் தன் உடம்பை மட்டும் நம்பி மேடையில் நின்ற மனுஷன். புதிய படங்களில் பலசாலி என்றால் கவசம் மாட்டிய போர்வீரன். பேட்மேன் சாதாரண மனிதர், அவருக்குக் கவசம் தேவை. ஆனால் சூப்பர்மேன் மேல் பட்ட தோட்டா தானே நசுங்கி விழும். அவருக்கு எதுக்குக் கவசம்?

திரும்ப வந்த கதை

2018-ல் 'ஆக்‌ஷன் காமிக்ஸ்' 1000-வது இதழில் ட்ரங்க்ஸ் புத்தகத்துக்குத் திரும்பியது. சினிமாவுக்குத் திரும்பியது 2025-ல். இந்தப் படத்தில் அது வேண்டுமா வேண்டாமா என்று இயக்குநர் ஜேம்ஸ் கன்னுக்கே குழப்பம் இருந்திருக்கிறது. சூப்பர்மேனாக நடித்த டேவிட் கோரன்ஸ்வெட் சொன்ன ஒரு காரணம்தான் தன்னை மாற்றியது என்று அவரே பேட்டியில் சொன்னார்.

கோரன்ஸ்வெட் சொன்னது இதுதான்: சூப்பர்மேன் வேற்றுக்கிரகவாசி. கண்ணிலிருந்து நெருப்பு வரும், கட்டடத்தையே தூக்குவார். நிஜத்தில் அப்படி ஒருவர் வானத்திலிருந்து இறங்கினால் குழந்தைகள் நடுங்கிப்போவார்கள். அவர்கள் தன்னைப் பார்த்துப் பயப்படக்கூடாது என்று நினைக்கிற ஒருவர், பளிச்சென்று மல்யுத்த வீரர் மாதிரிதானே உடுத்துவார்?

யோசித்தால் இது நியாயமாகத்தான் படுகிறது. அதிகாரமும் பலமும் உள்ளவர்கள் பொதுவாகத் தங்களைப் பார்த்து யாரும் சிரித்துவிடக்கூடாது என்பதில் கவனமாக இருப்பார்கள். உடையில், நடையில், கூட வருகிற ஆட்களில் அந்த மிரட்டல் தெரியும். உலகத்திலேயே பலமான ஒருத்தர், "என்னைப் பார்த்து நீ சிரிச்சாலும் பரவாயில்ல, பயப்படாத"ன்னு ஒரு குழந்தைகிட்ட சொல்றார்னா, அவரை நம்பலாம்.

அந்தச் சிவப்பு ட்ரங்க்ஸைப் பார்த்து உங்களுக்கு இன்னமும் சிரிப்பு வருதா? வரட்டும். அது இப்ப இருக்கிறதே அதுக்குத்தான்.