ஒரே கடனாளியின் கையில் முதுமைப் பணம்

யாழ்ப்பாணத்துக் கமக்காரர் ஒருவரிடம் சென்று, "உமது காணி முழுவதிலும் வெங்காயம் ஒன்றையே நடும்" என்று கொழும்பிலிருந்து ஓர் அறிஞர் உபதேசம் செய்வாராயின், அவருக்குக் கிடைக்கும் மறுமொழியை நாம் இங்கு அச்சிட இயலாது. ஒரு துண்டில் வெங்காயம், ஒரு துண்டில் மிளகாய், ஒரு துண்டில் புகையிலை, வீட்டுச் சோற்றுக்கு நெல், வேலியோரம் பனையும் தென்னையும் என்று பகிர்ந்து வைப்பதே அவர் கண்ட வழி. 1977ஆம் ஆண்டின் பின் இறக்குமதிக் கதவுகள் திறந்துவிடப்பட்டபோது, வெங்காயத்தையும் மிளகாயையும் மட்டுமே நம்பியிருந்தோர் பட்ட பாட்டை வடபுலத்தில் அறியாதார் இலர்.

அத்தகைய கமக்காரரின் மகன் கொழும்பில் ஒரு கம்பனியில் கணக்காளராக முப்பது ஆண்டு உழைக்கின்றான். அவன் முதுமைக்கென ஒதுக்கப்படும் பணமோ ஒரே பயிரில் நடப்பட்டிருக்கின்றது. ஊழியர் சேமலாப நிதியத்தைப் பற்றியே பேசுகின்றோம்.

1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தினால் தோன்றிய இந்நிதியத்திற்கு, இன்று ஊழியர் தம் சம்பளத்தில் நூற்றுக்கு 8 வீதமும், தொழில் கொள்வோர் 12 வீதமும் செலுத்துகின்றனர். தனியார் நிறுவனத்து இலிகிதர் முதல் மலையகத்தில் கொழுந்து பறிக்கும் தாய் வரை, பல இலட்சம் மக்களின் வியர்வை அதில் திரண்டுள்ளது. நாட்டின் மிகப் பெரிய நிதியம் இது. இதனை முதலீடு செய்யும் பொறுப்பு மத்திய வங்கியினுடையது. அதில் நூற்றுக்குத் தொண்ணூறு வீதத்திற்கு மேற்பட்ட பணம் அரசாங்கத்தின் திறைசேரி முறிகளிலும் உண்டியல்களிலும் கிடக்கின்றது. சுருங்கக் கூறின், கடனாளி ஒருவரே. அவர் அரசாங்கத்தார்.

அரசாங்கத்திற்குக் கொடுத்த கடன் திரும்பாமற் போகாது என்பது வழிவழி வந்த நம்பிக்கை. நாணயத்தை அச்சிடும் அதிகாரமுள்ளவன் தன் நாட்டு நாணயத்தில் வாங்கிய கடனைக் கொடுக்க முடியாதென்று சொல்வதெப்படி? உண்மைதான். எனினும், கொடுக்கும் ரூபாய்க்கு என்ன வாங்கலாம் என்பதை அந்நம்பிக்கை சொல்லவில்லை. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 வீதமாக ஏறிற்று. முந்திய ஆண்டு நூறு ரூபாய்க்கு வாங்கிய பண்டத்துக்கு ஏறத்தாழ நூற்றெழுபது ரூபாய் கேட்கப்பட்டது. அந்த ஆண்டுக்குச் சேமலாப நிதியம் உறுப்பினருக்கு வழங்கிய வட்டி 9 வீதம். கணக்கேட்டில் இருபது இலட்சம் வைத்திருந்தவருக்கு ஓர் இலட்சத்து எண்பதினாயிரம் கூடியது. அவரது சோற்றுப் பானையிலோ ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு குறைந்தது. இதற்குப் பெயர் பாதுகாப்பாம்!

அத்துடன் முடிந்ததா? 2023ஆம் ஆண்டு உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பு வந்தது. நிதியங்கள் தம் கையிலிருந்த முறிகளைக் கொடுத்து, 2027 முதல் 2038 வரை முதிர்வடையும் புதிய முறிகளைப் பெற்றுக்கொள்ள வேண்டும். அவற்றுக்கு 2025 வரை 12 வீதமும் அதன்பின் 9 வீதமும் வட்டி. மறுத்தால் வரி 14 வீதத்திலிருந்து 30 வீதமாகும் என்று விதிக்கப்பட்டது. முதலில் கை வைக்கவில்லை என்று அரசாங்கத்தார் சொன்னது உண்மையே. ஆனால் வட்டியும் காலமும் கடனாளியின் விருப்பப்படி மாறின. வங்கிகள் வைத்திருந்த முறிகள் இந்த மாற்றத்திலிருந்து விலக்கப்பட்டன. தொழிலாளரின் இளைப்பாறுங் காலப் பணமே தோள் கொடுக்க நேர்ந்தது. உறுப்பினர் ஒருவரிடமேனும் சம்மதம் கேட்டதுண்டா? கடன் கொடுத்தவரும் வாங்கியவரும் ஒரே கட்டடத்திலிருந்து பேசும்போது யாரிடம் கேட்பது!

அப்படியாயின் பணம் முழுவதையும் கொண்டுபோய்ப் பங்குச் சந்தையில் கொட்டுவதோ? அதுவும் பேதைமையே. கொழும்புப் பங்குச் சந்தையின் அனைத்துப் பங்கு விலைச் சுட்டெண் 2021 முடிவில் ஏறத்தாழ 12,200 ஆக இருந்தது. ஓராண்டில் 8,500 அளவுக்கு வீழ்ந்தது. 2024 முடிவில் 15,900ஐத் தாண்டியது. பொறுத்திருந்தவன் இலாபம் கண்டான். 2022இல் வேலையை விட்டு, மகளின் கலியாணத்திற்கோ வைத்தியத்திற்கோ விற்க நேர்ந்தவன் மூன்றிலொரு பங்கை இழந்தான். அவனிடம் பாதி முறியாகவும் பாதி பங்காகவும் இருந்திருப்பின், முறியை விற்றுச் சமாளித்துப் பங்கை வைத்திருக்கலாம். பகிர்ந்து வைப்பதன் பயன் இதுவே. இரண்டும் ஒரே நாளில் ஒரே அளவில் வீழ்வது அரிது. பணவீக்கக் காலத்தில் கம்பனி தன் பண்டத்தின் விலையை உயர்த்தலாம். முறியின் வட்டியோ எழுதிய எழுத்தாகவே நிற்கும். வியாபாரம் படுத்த காலத்தில் பங்கு இலாபம் தராது. முறி தன் வட்டியைத் தந்துகொண்டிருக்கும்.

சேமலாப நிதியம் பங்கு வாங்கியே பார்க்கவில்லை என்பதுமில்லை. 2010ஐ ஒட்டிய ஆண்டுகளில் விலை ஊதிப் பெருத்த பங்குகளை வாங்கி நட்டப்பட்ட செய்தி பாராளுமன்றம் வரை சென்றது. 2015இன் முறி விவகாரத்தில், பாதுகாப்பான பொருள் என்னும் அதே முறிகளின் கொள்வனவிலும் இந்நிதியத்தின் பெயர் விசாரணைக்கு வந்தது. ஆகவே குற்றம் பங்கின் மேலுமன்று, முறியின் மேலுமன்று. யார், எவ்விதிப்படி, யாருக்குக் கணக்குக் காட்டி வாங்கினார் என்பதே கேள்வி.

பிற நாட்டாரைப் பார்ப்போம். மலாயாச் சம்பளத்தில் கல்வீடு கட்டிய தலைமுறையை யாழ்ப்பாணம் மறக்கவில்லை. அந்நாட்டில் 1951இல் தோன்றிய ஊழியர் சேம நிதியம் இன்று ஏறத்தாழ நூற்றுக்கு நாற்பது வீதத்தைப் பங்குகளில் வைத்துள்ளது. அவற்றிற் பல வெளிநாட்டுப் பங்குகள். இந்தியாவில் 2015இல் புதிதாக வரும் பணத்தில் 5 வீதத்துடன் தொடங்கி, படிப்படியாக 15 வீதம் வரை சென்றனர். அதுவும் தனித்தனிக் கம்பனிகளைத் தேடிப் பொறுக்காமல், சந்தைச் சுட்டெண் முழுவதையும் பின்பற்றும் நிதியங்கள் மூலமாகவே பெரும்பாலும் வாங்கினர். அதிகாரியின் நண்பருக்கு வேண்டிய பங்கை வாங்க அங்கு இடம் குறைவு. இந்த இரண்டாவது வழியே நமது நாட்டுக்கு ஏற்றதென்பது நமது கருத்து.

இன்னுமொரு குறை உண்டு. இருபத்தைந்து வயது இளைஞனுக்கும், அடுத்த ஆண்டு இளைப்பாறும் ஐம்பத்தொன்பது வயது மனிதனுக்கும் நிதியம் ஒரே முதலீட்டை வைத்து ஒரே வட்டியைத் தருகின்றது. இளைஞனுக்குச் சந்தை வீழ்ந்தாலும் எழுவதற்குக் காலமுண்டு; முதியவனுக்கில்லை. வயதுக்கேற்ப இரண்டு மூன்று பிரிவுகளாக வகுத்தல் பெரிய வித்தையன்று. தோட்டத் தொழிலாளிக்கோ இந்நிதியத்தைத் தவிர வேறு சேமிப்பில்லை. அவள் பணத்தில் பங்கு சேர்ப்பது சிறிதாகவும் மெதுவாகவும் நடத்தல் வேண்டும்.

நிதியம் திருந்தும் வரை வாசகர் காத்திருக்க வேண்டியதில்லை. சேமலாப நிதியத்தில் உள்ளவர் ஏற்கெனவே அரசாங்க முறி வைத்திருப்பவரே. ஓய்வூதியம் பெறும் அரசாங்க ஊழியரின் நிலையும் அதுவே. அப்படியிருக்க, மிச்சம் பிடிக்கும் பணத்தையும் அதே முறியிலும் நிலையான வைப்பிலும் அடுக்குவானேன்? அதில் ஒரு பகுதியை, பல கம்பனிகளில் பரவிய அலகு நம்பிக்கை நிதியம் ஒன்றில் மாதாமாதம் இடலாம். ஐந்தாண்டுக்குள் தேவைப்படும் பணத்தை அங்கு இடலாகாது. கடன் வாங்கி இடுதல் அறவே ஆகாது. கமக்காரரின் நிலை வேறு. 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வந்த விவசாயிகள் ஓய்வூதியம் 2012இல் நின்று, 2014இல் மீண்டும் தொடங்கிய கதை அவருக்குத் தெரியும். அவர் செல்வம் ஏற்கெனவே நிலம் என்னும் ஏறி இறங்கும் பொருளில் இருப்பதால், அவருக்கு முதலில் வேண்டுவது முறியும் வைப்புமே, பங்கு பின்னர். நகையைப் பற்றி நாம் உபதேசிக்கப் போவதில்லை. 2022இல் அது தன் மதிப்பைக் காத்தது. ஆயின் பெட்டிக்குள் இருக்கும் வரை அது ஒரு சதமும் ஈட்டுவதில்லை.

அடுத்த வரவு செலவுத் திட்ட விவாதத்தில் வடக்கு, கிழக்கு, மலையகப் பிரதிநிதிகள் மூன்றைக் கேட்டு வாங்க வேண்டும். நிதியத்தின் முதலீட்டுப் பட்டியல் மூன்று மாதத்துக்கொருமுறை மூன்று மொழிகளிலும் வெளிவருதல். முதலீட்டுச் சபையில் உறுப்பினரால் தெரிவு செய்யப்பட்டவர்களுக்கு இடம். உறுப்பினரின் சம்மதமின்றி இனியொரு முறி மாற்றம் இல்லையென்னும் சட்ட விதி.