பன்னி சுட எந்த ஸ்கோப் நல்லது?

காட்டுப்பன்னி பத்தி எழுதினாலே பட்டணத்து நண்பர்கள் சிலர் ஆயுத நிபுணர் ஆயிடுறாங்க. "நல்ல ரைஃபிள், எடை குறைஞ்ச ஸ்கோப், ரெண்டு ராத்திரி பரண்ல உக்காந்தா முடிஞ்சு போச்சு" என்கிறார்கள். டெக்சாஸ் வேட்டை வீடியோ பார்த்து வந்த ஞானம். அங்கே நிலத்துக்காரர் சரின்னு சொன்னா வருஷம் முழுக்கப் பன்னி சுடலாம். இங்கே?

ஸ்கோப் விஷயத்தில் அவங்க சொல்றது சரிதான், அதையும் ஒத்துக்கிறேன். பெரிய ஸ்கோப் ஒரு கிலோவையும் தாண்டும், சின்னது 300, 350 கிராமில் முடிஞ்சிரும். ராத்திரியில் வரப்பு வரப்பா நடக்கிறவனுக்கு அந்த வித்தியாசம் தோளில் தெரியும். மக்காச்சோளக் கொல்லையில் பன்னி இருபது முப்பது கெஜத்தில் நிக்கும், அதுக்கு 24 மடங்கு பெருக்கம் எதுக்கு? ஸ்கோப்பின் முன்கண்ணாடி விட்டத்தைப் பெருக்கத்தால் வகுத்துப் பாருங்க. கண்ணுக்கு வந்து சேரும் ஒளியின் அகலம் கிடைக்கும். 40 மி.மீ. கண்ணாடியில் 4 மடங்கு வெச்சா 10 மி.மீ. 50 மி.மீ. கண்ணாடியில் 24 மடங்கு வெச்சா வெறும் 2 மி.மீ. இருட்டில் நம்ம கண்மணியே 5லிருந்து 7 மி.மீ. வரை விரியும். கொட்டிக் கொடுத்து வாங்கின பெரிய ஸ்கோப்பில் பன்னிக்குப் பதிலா இருட்டுதான் பெருசாத் தெரியும்.

சரி, எதில் மாட்டுறது? கல்வராயன் மலையில் துப்பாக்கின்னா நாட்டுத் துப்பாக்கிதான். குழலின் வாய் வழியா கருமருந்தும் ரவையும் போட்டுக் குத்தி இறுக்குறது. உள்ளே புரி கிடையாது, ரவை சிதறித்தான் போகும். அதில் ஸ்கோப் மாட்டுறது மாட்டு வண்டிக்கு ஸ்பீடோமீட்டர் வெச்ச கதை.

இந்தத் துப்பாக்கிக்கும் சட்டத்தில் இடம் உண்டுங்கிறதுதான் கூத்து. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் 13ஆவது பிரிவில், பயிர்ப் பாதுகாப்புக்காக வாய்வழி மருந்து கெட்டிக்கும் துப்பாக்கிக்கு உரிமம் தரலாம்னு எழுதியிருக்கு. ஆனா பயிரைத் தின்கிற பன்னி 1972 வனவிலங்குச் சட்டத்தின் பாதுகாப்பில் இருக்கு. 11ஆவது பிரிவுப்படி அதிகாரி எழுத்தில் அனுமதி தந்தால்தான் சுடலாம். உரிமம் வாங்கி வெச்சுக்கிட்டு வெறும் சத்தம் காட்டலாம், அவ்வளவுதான்.

2025 ஜனவரியில் தமிழக அரசு ஒரு வழி சொன்னது. காப்புக்காட்டிலிருந்து 1 கி.மீ.க்குள் சுடக் கூடாது. 1 முதல் 3 கி.மீ. வரை பிடிச்சுக் காட்டில் விடணும். 3 கி.மீ.க்கு அப்பால் வனத்துறையினர் சுடலாம். கேக்க நல்லாத்தான் இருக்கு. வெள்ளிமலையில் நின்னு எந்தப் பக்கம் 3 கி.மீ. நடந்தா காடு இல்லாத இடம் வரும்? மரவள்ளியை வேரோட புரட்டிப் போடுறது மலையிலயும் அடிவாரத்துலயும்தானே? பாதிப்பு அதிகமா இருக்கிறவனை விட்டுட்டு, எப்பவாவது பன்னி எட்டிப் பாக்கிற ஊருக்கு வகுத்த விதி இது.

சுடக் கூடாதுன்னா பன்னி சாகாதுன்னு நினைக்காதீங்க. திருட்டு மின்கம்பியில் சாகுது. அதே கம்பியில் ராத்திரி தண்ணி கட்டப் போற மனுஷனும் சாகுறான். 'பாவம், வாயில்லா ஜீவன்' என்று எழுதுகிறவர்கள் இந்தக் கணக்கைத் தொடுவதே இல்லை.

கேரளாவில் 2022ல் பஞ்சாயத்துத் தலைவருக்கே உத்தரவு போடும் அதிகாரம் கொடுத்து, உரிமம் உள்ளவரை வெச்சு சுடச் சொன்னாங்க. அங்கேயும் குறை உண்டு, ஆனா உத்தரவு ஊருக்குள்ளேயே கிடைக்குது. இங்கே வனத்துறை ஆள்தான் சுடணும்னா சுடட்டும். அடிவாரக் கொல்லைக்கும் வரட்டும், பயிற்சியோட வரட்டும். குறி தப்பிக் காயம்பட்ட பன்னி மறுநாள் காலையில் களை வெட்டப் போற பொம்பளைங்க மேலதான் பாயும்.

அந்த ஆணை வந்த அன்னைக்கு 2லிருந்து 7 மடங்கு வரைக்கும் போகிற, 300 கிராம் ஸ்கோப் போதும். விலைப்பட்டியல் அனுப்புறவங்க அப்போ அனுப்புங்க.